வாளிக் கட்சியின் ஒரே எம்.எல்.ஏ.

அந்த மாநிலத்தின் அரசியல் வரலாற்றை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம். முதலில் ஒரே கட்சிதான் இருந்தது. அதை ஆரம்பித்தவர் உயிரோடு இருந்தவரை எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள். அவர் யாரையும் வாய் திறக்க விடாததால் வந்த ஒற்றுமை அது. அவர் கண்ணை மூடியதும் நடந்த இரங்கல் கூட்டத்தில், மேடையின் நடு நாற்காலியில் யார் உட்காருவது என்று தகராறு வந்தது. பெரியவர் என்று தொண்டர்கள் அழைத்தவரும் சின்னவர் என்று அழைத்தவரும் ஒரே நேரத்தில் அதில் உட்காரப் போனார்கள். இருவருக்கும் வயதில் சில மாதம்தான் வித்தியாசம். நாற்காலி உடைந்தது, கட்சியும் உடைந்தது.

பெரியவர் குடைச் சின்னத்தை எடுத்துக்கொண்டார், சின்னவர் பூட்டுச் சின்னத்தை. அதன் பிறகு இருபது வருஷமாகக் குடை ஒரு முறை, பூட்டு ஒரு முறை என்று மாற்றி மாற்றி ஆண்டார்கள். ஆட்சி மாறினால் அரசு பஸ்ஸின் நிறம் மாறும். வேறு என்ன மாறியது என்று கேட்டால் இரண்டு பக்கத்துத் தொண்டர்களும் கல்லைத்தான் தேடுவார்கள்.

அந்தக் கல்லடிகளால் பிழைத்தவர் பல் டாக்டர். கடைத்தெருவில் தரைத்தளத்தில் கிளினிக், அதன் பின்கட்டில் வீடு. தேர்தல் வந்தால் அவருக்குச் சாப்பிட நேரமிருக்காது. டீக்கடைக்காரர் பூட்டுக்காக முன்பற்கள் மூன்றைக் கொடுத்தவர். எதிர்ச்சாரி டயர்க் கடைக்காரர் குடைக்காக இரண்டு. இருவருக்கும் செயற்கைப் பல் கட்டியது டாக்டர்தான். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அவர் பேசியது ஒரே வசனம்: "வாயைத் திறங்க. வலிச்சா கையைத் தூக்குங்க."

அவருக்கு அரசியலை மாட்டிவிட்டவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். கல்யாணமே செய்துகொள்ளாமல் தங்கை வீட்டு மாடியறையில் இருந்தவர். ஊரில் அவருக்கு 'மைக்' என்று பெயர். மைக்கை ஒருமுறை பிடித்தால் விடமாட்டார். குடைக் கட்சியில் இருந்தபோது பெரியவரே மேடைக்கு வந்து பின்னால் காத்து நின்றும் இவர் பேச்சை நிறுத்தவில்லை, நீக்கினார்கள். பூட்டுக் கட்சியில் கரன்ட்டையே பிடுங்கிப் பார்த்தார்கள். வெறும் தொண்டையில் தொடர்ந்தார். அங்கேயும் நீக்கினார்கள். நீக்க இனிமேல் கட்சி இல்லை என்றானதும் சொந்தமாக ஒன்று தொடங்கினார். மக்கள் மெய்விழிப்புக் கழகம். குதிரைச் சின்னம் கேட்டார், வாளி கொடுத்தார்கள். ஊர் அதை வாளிக் கட்சி என்றது.

கட்சியில் மூன்று பேர். மைக் தலைவர். தங்கை பொருளாளர். பொதுச் செயலாளர் பல் டாக்டர். நோயாளி வாயில் கையை விட்டிருந்த நேரத்தில் நீட்டிய தாளில் இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டதால் கிடைத்த பதவி அது.

தேர்தல் வந்தது. மைக் நேராகத் தலைநகரத்துக்குப் போய் பெரியவரை எதிர்த்தே நின்றார். சொந்தத் தொகுதிக்கு ஆள் வேண்டும் என்று டாக்டரை நிறுத்தினார். "சும்மா பேருக்கு மாப்பிளே. நீங்க பிரச்சாரத்துக்குக்கூட வரவேண்டாம்" என்றார். டாக்டரும் போகவில்லை. ஆனால் அந்தத் தொகுதியில் குடை வேட்பாளர் செய்த திருட்டுகளைப் பூட்டு வேட்பாளர் அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்தார். பூட்டு வேட்பாளர் செய்தவற்றைக் குடை வேட்பாளர் அச்சடித்துக் கொடுத்தார். ஜனங்கள் இரண்டையும் படித்தார்கள், இரண்டையும் நம்பினார்கள். நம்பியது சரிதான். டாக்டர் ஜெயித்துவிட்டார்.

மைக் கட்டுத்தொகை இழந்து ஊர் திரும்பினார். வந்ததும் பின்பக்கக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது சிரித்த முகமாக இருந்தார்.

"மாப்பிளே, கட்சி ஜெயிச்சிருச்சு!"

"நீங்க ஜெயிச்சிருக்கணும் மச்சான். எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கட்சிதான் முக்கியம்" என்று சொல்லி மாடிக்குப் போனவர் சாப்பாட்டுக்கு இறங்கி வரவில்லை. தங்கை தட்டை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

மொத்தம் முப்பத்தொரு இடம். குடைக்குப் பதினைந்து, பூட்டுக்குப் பதினைந்து, வாளிக்கு ஒன்று. கணக்குப் போடத் தெரிந்த எல்லாருக்கும் மறுநாள் காலையில் பல் வலி வந்தது.

முதலில் வந்தவர் பெரியவர். கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, நாலு காரோடு வந்து இறங்கினார். டாக்டர் அவரைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து விளக்கைத் திருப்பினார். வலி நடிப்புதான், ஆனால் பல் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது.

"ஐயா, கடைவாய்ப் பல் முழுசா சொத்தை. எப்படித் தாங்குனீங்க?"

பெரியவர் எழுந்திருக்கப் பார்த்தார். டாக்டர் அவர் நெற்றியில் கை வைத்து அழுத்தினார். அந்த மாநிலத்தில் பெரியவரை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கச் செய்த முதல் ஆள் அவர்தான். டாக்டரின் கை வேலை செய்துகொண்டிருக்க, வாய் தன் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக ஒப்பித்தது.

"எல்லா கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலயும் பல் பிரிவு வேணும்ங்க."

"ஆ."

"ஸ்கூல் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் பல் பார்க்கணும்."

"ஆ."

"எனக்குச் சுகாதாரத் துறை குடுத்தா நல்லா செய்வேங்க."

"ஆஆ!"

டாக்டருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு, "என் ஓட்டு உங்களுக்குத்தாங்க" என்றார்.

அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவர் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் பிடித்திருந்தது வலது கன்னம். யாராவது புதிதாக உள்ளே வந்தால் இடது கன்னம். பக்கத்தில் மைக். சின்னவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கட்சித் தலைவர் நீங்க. உங்ககிட்ட பேசாம டாக்டர்கிட்ட போய்ப் பேசுறது மரியாதை இல்ல. நீங்க சபைக்கு வெளியில இருந்தாலும் பரவால்ல, மந்திரியாக்கிட்டு அப்புறம் ஒரு இடைத்தேர்தல்ல கொண்டு வந்துடலாம்" என்றார்.

மைக்கின் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் அவரைத் தேடி வந்து பேசிய முதல் தலைவர். சின்னவரின் இரண்டு கைகளையும் பிடித்து, "வாளி உங்க பக்கம்தாங்க" என்று வாக்குக் கொடுத்தார்.

கதவு திறந்தது. பெரியவர் மரத்துப்போன வாயோடு வெளியே வந்தார். சின்னவர் எழுந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இருவரும் ஜெயித்தவர் மாதிரிதான் சிரித்தார்கள்.

பெரியவர் முதல்வரானார். பதவியேற்பு நாளில் டாக்டருக்குக் கிடைத்தது துறைமுகம் மற்றும் கலங்கரை விளக்கத் துறை. அந்த மாநிலத்தில் கடல் கிடையாது. டாக்டர் பதறிப்போய்ப் பெரியவரின் அறைக்கு ஓடினார்.

"ஐயா, சுகாதாரத் துறைன்னு கேட்டேன், நீங்களும் ஆமான்னீங்களே?"

"டாக்டர், நீங்க நரம்பைக் குத்துனீங்க. அந்த நேரத்துல என் வீட்டைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"கடலே இல்லாத இடத்துக்குத் துறைமுகம் எதுக்குங்க?"

"அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் அந்தத் துறை மேல ஒரு ஊழல் புகார் கிடையாது. சுத்தமான துறை. உங்களை மாதிரி சுத்தமான ஆளுக்குத்தான் குடுக்கணும்னு வச்சிருந்தேன்."

அன்று மாலையே மைக் காத்திருப்பு அறையில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். கட்சி முடிவை மீறி விலைபோன துரோகியை அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தே நீக்குவதாக அறிவித்தார். சத்தம் அடுத்த அறைக்கு அப்படியே கேட்டது. டாக்டர் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கி முடித்துவிட்டு, கையுறையோடே எட்டிப் பார்த்து, "மச்சான், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, பேஷன்ட் பயப்படுறாரு" என்றார்.

விவகாரம் சபாநாயகரிடம் போனது. அவர் குடைக்காரர். வாளிக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் டாக்டர் பக்கம் இருப்பதால் அவரே உண்மையான கட்சி என்று தீர்ப்புச் சொன்னார். மூன்றில் இரண்டு என்ன, மூன்றில் மூன்றுமே அவர் பக்கம்தான் இருந்தது. ஆக வாளிக் கட்சியும் முறைப்படி உடைந்தது. ஒரு பிரிவுக்கு ஒரு எம்.எல்.ஏ., இன்னொரு பிரிவுக்கு ஒரு தலைவர். பொருளாளர் மட்டும் இரண்டுக்கும் பொது. அடுப்பு ஒன்றுதானே இருந்தது.

வீட்டில் அண்ணனும் புருஷனும் ஒரே மேசையில் உட்கார மறுத்தார்கள்.

"என்னங்க, ஆளுங்கட்சி முதல்ல சாப்பிட்டு எழுந்திருங்க. எதிர்க்கட்சி மாடியில கத்திக்கிட்டு இருக்கு" என்பார் மனைவி.

டாக்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். "மச்சானுக்கு மாத்திரை குடுத்தியா?"

"ஏன், நீங்களே குடுக்குறதுதானே? துறைமுகத்துல இருந்து கப்பல்ல அனுப்புங்க."

மாடியிலிருந்து குரல் வரும். "அம்மாடி! துரோகி வாங்கின பழம் எனக்கு வேணாம். நீ வாங்கினதா இருந்தா குடு!"

பழம் ஒரே கூடையிலிருந்துதான் போகும்.

தலைமைச் செயலகத்தில் டாக்டருக்குப் பெரிய அறை. சுவர் முழுக்க நீல நிறக் கடல் வரைபடம், யாருடைய கடல் என்று எழுதப்படாதது. துறைச் செயலாளர் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், இங்க ஃபைல் வராது. முந்தி இருந்தவங்க எல்லாரும் உடம்பு தேறிப் போனாங்க."

டாக்டர் சும்மா இருக்கத் தெரியாதவர். வேலை கேட்டு நச்சரித்தார். ஒருநாள் ஃபைல் ஒன்று வந்தது. ஜன்னல் திரைச்சீலை மாற்ற அனுமதி கோரி. அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஊழியர்களின் பல்லைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தத் தளத்தில் இருந்த எழுத்தர்கள், டிரைவர்கள், பக்கத்துத் துறைக்காரர்கள் என்று வரிசை வராந்தாவைத் தாண்டியது. அந்த அரசில் ஜனங்கள் கொட்டாவி விடாமல் வாயைத் திறந்த ஒரே அலுவலகம் அதுதான். 'துறைமுகத்தில் சுறுசுறுப்பு' என்று ஒரு பத்திரிகை எழுதியது. பெரியவர் அதை ரசிக்கவில்லை என்று பேச்சு வந்தது.

இப்படியே ஒரு வருஷம் ஓடியிருக்கும். பெரியவரின் மகனும் சின்னவரின் மகளும் வெளிநாட்டில் ஒன்றாகப் படித்தவர்கள். அங்கேயே மனசைப் பரிமாறிக்கொண்டு வந்து நின்றார்கள். இருபது வருஷ எதிரிகள் ஒரு மத்தியானத்தில் சம்பந்திகளானார்கள். சம்பந்திகளுக்கு எதற்கு இரண்டு கட்சி? கல்யாண மண்டபத்திலேயே குடையும் பூட்டும் இணைந்ததாக அறிவிப்பு வந்தது. நடு நாற்காலிக்குப் பதிலாக ஒரு சோபாவைப் போட்டு இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இருபது வருஷத்துக்கு முன்பே யாராவது ஒரு சோபா வாங்கிப் போட்டிருக்கலாம்.

மறுநாள் கிளினிக்கில் டீக்கடைக்காரரும் டயர்க் கடைக்காரரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையிலும் ஒரே பத்திரிகை. முதல் பக்கத்தில் சம்பந்திகள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். டயர்க் கடைக்காரர் நர்ஸம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, இப்ப நாங்க ரெண்டு பேரும் பேசிக்கலாமா? மேலிடத்துல இருந்து ஏதாச்சும் உத்தரவு வந்திருக்கா?"

டீக்கடைக்காரர் பத்திரிகையை மடித்துக் காலடியில் போட்டார். யாரும் சிரிக்கவில்லை.

முப்பது பேர் ஒரே பக்கம் ஆனபின் பெரியவருக்கு வாளி எதற்கு? டாக்டர் செயலகத்தில் ஒருவருடைய ஈறைப் பார்த்துக்கொண்டிருந்தபோது துறைச் செயலாளர் வந்து நின்றார்.

"சார், காரைத் திருப்பி அனுப்பச் சொல்றாங்க."

"எப்ப வரும்?"

"வராது சார்."

டாக்டர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினார். பஸ் பாதி குடை நிறத்திலும் பாதி பூட்டு நிறத்திலும் இருந்தது.

வீட்டில் மைக் இல்லை. இணைப்பு விழா நடந்த மாலையே புதுச் சட்டை போட்டுக்கொண்டு தலைநகரம் போய்விட்டார். சின்னவர் கொடுத்த வாக்கு அவருக்கு ஞாபகம் இருந்தது, சின்னவருக்கு இல்லை. நாள் முழுக்க வாசலில் நிற்கவைத்து, கடைசியில் நாற்பதாவது செய்தித் தொடர்பாளர் என்று ஒரு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். முன்னால் முப்பத்தொன்பது பேர் பேசி முடித்த பிறகுதான் அவர் முறை. மைக் என்று பேர் வாங்கிய மனிதருக்கு மைக் எட்டாத தூரத்தில் ஒரு பதவி.

அந்த வாரக் கடைசியில் சட்டமன்றச் செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வெளிறிப்போனார். ஆட்சியில் இல்லாத கட்சிகளில் எது பெரியதோ அதன் தலைவரே எதிர்க்கட்சித் தலைவர் என்று விதி சொன்னது. முப்பது பேரும் ஆளுங்கட்சி. மீதி இருப்பது பல் டாக்டர் மட்டும். சம்பந்திகள் இருவரும் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், இதைத் தவிர. அமைச்சர் பதவியிலிருந்து தூக்கியதால் டாக்டர் அமைச்சருக்குச் சமமான பதவிக்கு வந்து சேர்ந்தார். காரும் திரும்பி வந்தது, அதே டிரைவரோடு.

காரைப் பார்த்துக்கொண்டே மைக் தெருவில் வந்து இறங்கினார். கையில் பெட்டி. வாசலில் தங்கை நின்றிருந்தார்.

"அம்மாடி, மாப்பிள்ளையை நீக்கினேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எப்படி வாங்குவீங்க அண்ணே? நீங்கதான் வேற கட்சிக்குப் போயிட்டீங்களே. இந்தக் கட்சியில இப்ப இருக்கறது நான் ஒருத்திதான். அவரை நீங்க நீக்கிட்டீங்க, நீங்களா விலகிட்டீங்க. ரெண்டு பேரும் மனுப் போடுங்க, பரிசீலிக்கிறேன்."

"விளையாடாதம்மா."

"ஒரு வருஷமா ரெண்டு பந்தி பரிமாறியிருக்கேன். நானா விளையாடுறேன்?"

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். மச்சானின் கையிலிருந்த பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். மைக் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் அமர்ந்தார். கழுத்தில் அந்த நாற்பதாம் எண் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"முப்பது வருஷமாப் பேசுறேன் மாப்பிளே. ஒருத்தன் காது குடுத்துக் கேட்டதில்ல. நீங்க ஊரையே வாயைத் திறக்கச் சொல்லிட்டுச் சும்மா இருந்தீங்க, ஜெயிச்சிட்டீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "பொறாமையா இருந்துச்சு. அதான் விஷயம். துரோகம் கிரோகம் எல்லாம் பத்திரிகைக்குச் சொன்னது."

டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். "சபையில பேசணுமாம் மச்சான். எனக்குப் பேச வராது. எழுதிக் குடுங்க" என்றார்.

மைக்கின் முகத்தில் ரத்தம் ஏறியது. எழுந்து நேராக மாடிக்குப் போனார். மறுபடி இறங்கி வந்தபோது கையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. மனைவி இரண்டு மனுக்களையும் ஏற்றுக்கொண்டார். மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

சபை கூடிய அன்று மைக் பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில், தங்கை பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே ஒரு பக்கம் முப்பது பேர். எதிர்ப் பக்கம் காலி பெஞ்சுகளின் நடுவே டாக்டர் மட்டும். பல் பார்க்க வந்தவரைத் தவறாக வேறு அறைக்கு அனுப்பிவிட்டது போல இருந்தது.

டாக்டர் எழுந்து வாசிக்க ஆரம்பித்தார். ஆளுங்கட்சியில் பாதிப் பேர் செல்போன் பார்த்தார்கள், மீதிப் பேர் அடுத்தவர் செல்போனைப் பார்த்தார்கள். சோபா பழக்கத்தில் சம்பந்திகள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள்.

"இந்த அரசைப் பார்த்து நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன்" என்று வாசித்துத் தாளைத் திருப்பினார் டாக்டர். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து திரும்பிவிட்டன. அடுத்த வரி அங்கே இல்லை. தேடினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். டாக்டரின் நெற்றி வேர்த்தது. இன்னும் தேடினார்.

மாடத்திலிருந்து இடி மாதிரி ஒரு குரல் இறங்கியது.

"இருபது வருஷம் எங்க ஆளுங்க மண்டையை உடைச்சீங்களே, யாருக்காகய்யா?"

மைக் எழுந்து நின்றிருந்தார். கையில் தாள் இல்லை. ஒலிபெருக்கி இல்லை. முப்பது பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பெரியவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சின்னவர் ஏதோ ஒரு கன்னத்தில் கை வைத்தார்.

"சொல்லுங்க! பல்லு போனவன் கேக்குறான், சொல்லுங்க!"

காவலர்கள் ஓடிவந்து அவரைக் கையும் காலுமாகத் தூக்கினார்கள். தூக்கிக்கொண்டு போகும்போதும், படியில் இறங்கும்போதும், வராந்தா முனை வரை அவர் கேட்டுக்கொண்டேதான் போனார். காவலர்களில் ஒருவர் ரொம்ப மெதுவாக நடந்தார் என்று மைக் இன்றும் சொல்கிறார்; அதை நம்புவது அவரவர் இஷ்டம். சபையில் டாக்டர் கையிலிருந்த தாள்களை மேசை மேல் வைத்தார்.

"என் கேள்வியும் அதேதாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

துறைமுகத் துறைக்கு அந்த வருஷம் நிதியைக் கூட்டிவிட்டு சபை கலைந்தது. பத்திரிகைகள் 'மாடத்தில் கூச்சல், ஒருவர் வெளியேற்றம்' என்று கடைசிப் பக்கத்தில் போட்டன. டீக்கடையில் மட்டும் அதை உரக்கப் படித்தார்கள். கேட்டவர்களில் டயர்க் கடைக்காரரும் இருந்தார். டீக்கு இந்தப் பக்கம் வந்து நெடுநாளாயிற்று.

மறுநாள் டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மச்சான், வருத்தப்படாதீங்க. உங்க கேள்வியை சபாநாயகர் சபைக்குறிப்புல இருந்து நீக்கிட்டாராம்."

மைக்குக்கு வருத்தம் எதுவும் வரவில்லை. இரண்டு கட்சி அவரை நீக்கியிருக்கிறது; நீக்கப்பட்டதில் அவருக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை.

"நீக்கணும்னா முதல்ல பதிஞ்சிருக்கணும்ல மாப்பிளே?" என்றார். தங்கையையும் சமையலறையிலிருந்து கூப்பிட்டு, அந்தச் செய்தியை டாக்டரை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.